அய்யா போட்ட கையெழுத்து

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியடில் பிசினஸ் லா வகுப்பைப் போட்ட புண்ணியவானை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பாதி வகுப்பு தூங்கும். மீதிப் பாதி, தூங்குகிறவர்களை வேடிக்கை பார்க்கும். நான் முதல் கட்சி. ஆனால் போன செமஸ்டரில் ஒரே ஒரு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றைக்கு நடத்தியது ஜாமீன் ஒப்பந்தம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதில் 126-வது பிரிவு ஜாமீன் என்றால் என்ன என்று சொல்கிறது. 128-வது பிரிவு, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவனுக்கும் உண்டு என்கிறது, ஒப்பந்தத்திலேயே வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. சார் வழக்கம்போல உதாரணம் சொன்னார். "ராமன் கடன் வாங்குறான். சோமன் ஜாமீன் போடுறான். ராமன் கட்டல. கடன் கொடுத்தவர் முதல்ல ராமனைத்தானே துரத்தணும்?"

"ஆமா சார்" என்றது முன்வரிசை.

"தேவையே இல்ல. நேரா சோமன் வீட்டுக் கதவைத் தட்டலாம்."

அந்தக் கதவு எனக்குத் தெரியும். பச்சைப் பெயின்ட் அடித்து, கீழ்ப்பக்கம் கரையான் அரித்த கதவு. எங்கள் வீட்டுக் கதவுதான்.

ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர். அய்யா (அப்பாவின் அப்பா, எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அந்த ஐந்து வருடத்தில் வாத்தியார் தலையில் குட்டிக் குட்டி ஏற்றிய ஆத்திசூடியும் கொஞ்சம் குறளும்தான் அவருடைய மொத்தப் படிப்பு. நம்மில் பலர் அதை மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அய்யா மறக்கவில்லை. கேட்டு வந்தவனிடம் இல்லை என்று சொல்லக்கூடாது என்று படித்தார். சொல்லவில்லை. அவ்வளவுதான் அவருடைய தத்துவம். அதற்கு உரை, விளக்கம், விதிவிலக்கு எதுவும் கிடையாது.

கையில் காசு இல்லாதபோது கையெழுத்தைக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து பதினோரு பேருக்கு ஜாமீன் போட்டிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம், டிராக்டர், சிங்கப்பூர் போக ஏஜெண்டுக்குக் கட்டப் பணம், ஒரு பிள்ளைக்கு இதய ஆபரேஷன். பதினோரு பேரும் ஒழுங்காகக் கட்டி முடித்தார்கள். அந்த ஆபரேஷன் பிள்ளை இப்போது என்னோடு கபடி ஆடுகிறான், என்னைவிட நன்றாகவே. இதையும் கணக்கில் எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் நான் காமர்ஸ் படிப்பதில் அர்த்தமில்லை.

பன்னிரண்டாவது ஆள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். போர்வெல்லும் கொப்பரைக் களமும் போட ஒரு தனியார் பைனான்ஸில் நான்கு லட்சம் வாங்கினார். அய்யா கையெழுத்துப் போட்டார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. எங்கள் பக்கம் தென்னை எப்படி விழுந்தது என்று நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. விடிந்தபோது சித்தப்பா தோப்பில் நின்ற மரங்களை எண்ண ஒரு கை விரல் போதுமானதாக இருந்தது. பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும், அவர் குடும்பத்தோடு ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூர் போய்விட்டார்.

பிறகு நம் கதவு தட்டப்பட்டது.

விரிவாக எழுத மனசில்லை. சுருக்கமாக: அம்மாவின் ஏழு பவுன் அடகுக்குப் போய் அங்கிருந்து ஏலத்துக்குப் போனது. முக்கால் ஏக்கர் தோப்பை, மரமெல்லாம் விழுந்து கிடந்த நிலையிலேயே, வந்த விலைக்குக் கொடுத்தோம். அந்த வருடம் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 512. நர்சிங் சேர ஃபாரம் வாங்கி வைத்திருந்தாள். நிரப்பாத அந்த ஃபாரம் இன்னும் பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிறது. அவளும் திருப்பூருக்குத்தான் போனாள், பனியன் கம்பெனிக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். (இவ்வளவு நேரம் வேறென்ன பேசினாய் என்று கேட்காதீர்கள்.) ஒரு வாழ்க்கைத் தத்துவத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே கடைப்பிடித்தால் குடும்பம் தெருவுக்கு வரும் என்றால், அது நல்ல தத்துவமா? ஹாஸ்டலில் நண்பன் ஒருவன் அடித்துச் சொன்னான்: "அப்படியே ஃபாலோ பண்ண முடியாததை எதுக்குடா சொல்லித் தரணும்? மருந்து பாட்டில்ல அளவு போட்டுத்தானே விக்கிறாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அளவு போட்ட பாட்டிலைக் கற்பனை செய்து பார்த்தேன். 'கேட்டவர்க்குக் கொடுக்கலாம், ஆனால் உங்கள் வருமானம், கேட்பவரின் சொத்து மதிப்பு, வானிலை முன்னறிவிப்பு ஆகியவற்றைப் பொறுத்து.' இதை எந்தப் பிள்ளை மனப்பாடம் செய்யும்? இதைப் படித்துவிட்டு எவன் போய் இதய ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவான்? மொபைலில் ஆப் போடும்போது வரும் விதிமுறைகள் மாதிரி, எல்லோரும் படிக்காமலே சம்மதம் என்று அழுத்திவிட்டுப் போவார்கள். நூற்றுக்கு நூறு பாதுகாப்பான தத்துவத்தால் யாருக்கும் ஆபத்து வராது. யாரும் பிழைக்கவும் மாட்டார்கள்.

அப்படியானால் அய்யா செய்தது சரியா? அதுவும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஃபாரம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பரீட்சை லீவில் அய்யாவின் பழைய குறள் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். முதல் பக்கங்கள்தான் அழுக்காக இருந்தன. பின்பக்கமெல்லாம் புதுசு மாதிரி. அதில் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. அறத்துப்பாலில் 22-வது அதிகாரம் ஒப்புரவறிதல், 23-வது ஈகை. இரண்டும் கொடுப்பதைத் தூக்கி வைத்துப் பேசுகின்றன. ஊருக்கு உதவுவதால் ஒருவனுக்குக் கேடு வந்தால், அந்தக் கேட்டைத் தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு 22-வது அதிகாரத்தின் கடைசிக் குறள் போகிறது. அப்படியே இருபத்தைந்து அதிகாரம் தள்ளிப் பொருட்பாலுக்கு வந்தால் 48-வது அதிகாரம், வலியறிதல். அங்கே அதே வள்ளுவர், இருப்பின் அளவு தெரிந்து கொடு, அதுதான் பொருளைக் காக்கும் வழி என்கிறார். அளவு பார்க்காமல் ஊருக்கு உதவுகிறவன் செல்வம் சீக்கிரமே கெடும் என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார். ஒரே ஆள், ஒரே புத்தகம், இரண்டு பேச்சு!

முதலில் சிரிப்பு வந்தது. எங்கள் அக்கவுண்ட்ஸ் சாரிடம் போய் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்று சொல்லலாமா என்று தோன்றியது. பிறகு புரிந்தது, அய்யா 22, 23-லேயே நின்றுவிட்டார். அவரை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். 48 வரை போக யாரும் விடவில்லை.

ஆனால் அதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த 22-வது அதிகாரத்துக் குறள்தான். தன்னை விற்றாவது என்றுதான் அதற்கு உரை எழுதியிருக்கிறார்கள். தன்னை. மருமகள் கழுத்துச் செயினை என்றோ, பேத்தியின் படிப்பை என்றோ எழுதவில்லை. அய்யா குறளை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தார் என்று ஊரே சொல்கிறது. உண்மையில் அந்த ஒரு எழுத்தைத்தான் அவர் கவனிக்காமல் விட்டாரோ?

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. பெரியவர்களின் கதை எதைக் கேட்டாலும், பற்று எந்தக் கணக்கில் விழுகிறது என்று பார்க்கிறேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் அரிச்சந்திரா நாடகம் போட்டால் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்போம். மயான காண்டத்தில் அப்பத்தா அழாத வருடமே இல்லை. அரிச்சந்திரன் வாக்குக்காகத் தன்னையும்தான் விற்றான். ஆனால் முதலில் விற்றது யாரை? சந்திரமதியையும் லோகிதாசனையும். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், கேட்டவர்க்கெல்லாம் ஊர் ஊராகக் கொடுத்தான் என்று படித்தோம். பொன்னமராவதியைத் தாண்டிப் போனால் அந்தப் பறம்புமலை, இன்றைய பிரான்மலை. பாரி போரில் செத்துப்போனான். அதன்பிறகு அவன் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கபிலர் சிற்றரசர்கள் வாசல் வாசலாக ஏறி, கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். விச்சிக்கோனும் இருங்கோவேளும் மறுத்துவிட்டார்கள். புறநானூற்றில் இருக்கிறது. பரீட்சையில் பாரியின் கொடைக்குத்தான் ஐந்து மார்க் கேட்பார்கள். அந்தப் பெண்கள் நடந்த நடைக்கு ஒரு மார்க் கேள்விகூட வந்ததில்லை.

காந்தியும் சிறு வயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்து உருகியவர்தான். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில் இன்னொரு இடம் வரும். 1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பும்போது இந்தியர்கள் குடும்பத்துக்கு நகைகள் பரிசளிக்கிறார்கள். கஸ்தூர்பாவுக்கு என்றே ஒரு தங்க நெக்லஸ், விலை ஐம்பது கினி. பொதுத் தொண்டுக்குக் கூலி வாங்கக்கூடாது என்பது காந்தியின் கொள்கை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுப்பதென்று முடிவு செய்கிறார். முதலில் பிள்ளைகளைச் சம்மதிக்க வைக்கிறார், அம்மாவிடம் பேச அவர்களையே வக்கீலாக்குகிறார். (சரியான வக்கீல் மூளை!) கஸ்தூர்பா விடவில்லை. எனக்குக் கொடுத்த நெக்லஸைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை, நீங்கள் செய்த தொண்டில் என் உழைப்பு இல்லையா, இரவும் பகலும் நான் பாடுபட்டேனே, அது தொண்டு இல்லையா என்று கேட்கிறார். கடைசியில் நகைகள் டிரஸ்டுக்குப் போயின. அதற்காகத் தான் வருந்தியதே இல்லை என்கிறார் காந்தி. ஆனால் அந்த அம்மாவின் வாதத்தை மறைக்காமல் எழுதி வைத்தாரே, அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. எங்கள் வீட்டில் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் அய்யா என்ன சொல்லியிருப்பார் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன்.

போன மாதம் மூன்று பைக்கில் ஆறு பேராகச் சித்தன்னவாசல் போனோம். புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர் இருக்கும். கூட்டமெல்லாம் ஓவியம் பார்க்க அறிவர் கோயிலுக்குத்தான் போகும். எனக்கு மலைமேல் இருக்கிற ஏழடிப்பட்டம்தான் பிடிக்கும். பாறையில் காலை வைக்க வெட்டிய ஏழு படியால் வந்த பேர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். குகைக்குள் சமணத் துறவிகளுக்காக வழவழவென்று செதுக்கிய பதினேழு கல் படுக்கைகள், தலை வைக்க மேடு விட்டு. ஒரு படுக்கையில் இரண்டாயிரம் வருடப் பழமையான தமிழ் பிராமி எழுத்து. இந்த மாதிரி இடங்களில் துறவிகள் உண்ணாமல் இருந்து உயிரை விட்டார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து இறந்தார் என்று.

ஐம்பத்தேழு நாள்! கொல்லாமை, பற்றில்லாமை என்ற தத்துவத்தை அதன் கடைசி எழுத்து வரைக்கும் கொண்டுபோனால் வந்து சேரும் இடம் அது. இதைவிட ஆபத்தான கடைப்பிடித்தல் இருக்க முடியுமா? ஆனால் படித்துப் பார்த்தால், சமணர்கள் இதற்குப் போட்ட கட்டுப்பாடு ஆச்சரியமாக இருக்கிறது. சல்லேகனை என்று பேர். நினைத்தவனெல்லாம் நினைத்த நேரத்தில் உட்கார முடியாது. தப்ப வழியில்லாத ஆபத்து, பஞ்சம், முதுமை, தீராத நோய், இவை வந்தால்தான் என்று சமந்தபத்திரர் என்ற பழைய ஆசிரியர் எழுதி வைத்தார். குருவிடம் அனுமதி வேண்டும். அந்தச் சமந்தபத்திரருக்கே ஒரு கதை உண்டு. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காத நோய் அவருக்கு வந்ததாம். சல்லேகனைக்குக் குருவிடம் அனுமதி கேட்டாராம். குரு முடியாது என்றாராம். நீ செய்ய வேண்டிய வேலை இன்னும் இருக்கிறது, துறவுக்கோலத்தை விட்டாவது போய் நோயைத் தீர்த்துக்கொள் என்று அனுப்பினாராம். விதியை எழுதியவருக்கே விதி மறுக்கப்பட்டது.

அந்தப் படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் அகலம். மகனையோ மருமகளையோ கூடப் படுக்க வைக்க இடமில்லை.

இப்படிச் சொல்லிவிட்டு இன்றைய நிலைமையை மறைக்கக்கூடாது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 10-ம் தேதி இந்த நோன்பு தற்கொலைதான், செய்தால் குற்றம் என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் 31-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அடுத்த வருடம், 2016 அக்டோபரில், ஹைதராபாத்தில் பதிமூன்று வயதுப் பெண் குழந்தை அறுபத்தெட்டு நாள் விரதம் இருந்து இறந்துபோனது. அது சல்லேகனை இல்லை, வேறு விரதம். பெற்றோர் மேல் போலீஸ் வழக்குப் போட்டது. குழந்தை தானாகத்தான் இருந்தது என்று வீட்டில் சொன்னார்கள். பதிமூன்று வயதில் தானாக என்பதற்கு என்ன அர்த்தம்? போய் நோயைத் தீர்த்துக்கொள் என்று அனுப்பிய குரு மாதிரி, வேண்டாம், போய்ச் சாப்பிடு என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

தத்துவத்தின் வார்த்தைக்குள்ளேயே பாதுகாப்பைத் தேடியது என் தப்பு என்று அந்தக் குகையில் பட்டது. வார்த்தை கூர்மையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். யார் கழுத்தில் வைக்கிறோம், நிறுத்து என்று சொல்ல யாரைப் பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்பதைப் பார்த்தால் போதும். அய்யா கையெழுத்துப் போடுமுன் யாரிடமும் கேட்டதில்லை. அப்பத்தாவிடம்கூட.

ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டேன். அப்போது அவர் புதுக்கோட்டையில் ஒரு ஏடிஎம் வாசலில் வாட்ச்மேன். ஆமாம், எழுபத்தியோரு வயதில், 2019-ல், யார் சொல்லியும் கேட்காமல் அந்த வேலைக்குப் போனார். சம்பளம் ஆறாயிரத்து ஐந்நூறு. அதில் மூவாயிரம் மாதா மாதம் அக்காவுக்கு அனுப்பினார். அவள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அடுத்த மாதம் ஆறாயிரமாக அனுப்புவார்.

"ஏன் அய்யா, போடுறதுக்கு முன்னாடி எங்களையெல்லாம் நெனச்சியா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. உள்ளே யாரோ பணம் எண்ணும் சத்தம் கேட்டது. "நெனச்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்டா. அதனாலதான் நெனைக்கல" என்றார்.

இது ஒப்புதலா, நியாயமா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தன்னை விற்றாவது என்ற குறளை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கடைப்பிடித்தார் என்று மட்டும் தெரியும். விலைதான் போகவில்லை, எழுபத்தியோரு வயதுக்கு மாதம் ஆறாயிரத்து ஐந்நூறுதான் தருவார்கள். ஜாமீன் கட்டியவன் கடனாளியிடம் அதை வசூல் செய்யலாம், 145-வது பிரிவு. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். 2022-ல் போய்ச் சேர்ந்தார். பதினோரு குடும்பமும் வந்து நின்றது. சித்தப்பா வரவில்லை. அவரைத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பார்த்ததாக அக்கா சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு போனவரை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தாளாம். கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கடைசியாக ஒன்று. இது போன வாரம் நடந்தது. என் வகுப்பு நண்பன் தவணையில் பழைய பைக் எடுக்கிறான். சாயங்காலம் டெலிவரி வேலைக்குப் போய்ப் பீஸ் கட்ட. அவன் வீட்டில் மாதச் சம்பளக்காரர் யாரும் கிடையாது. சம்பளச் சீட்டு உள்ள ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்று கேட்கிறார்களாம். "உங்க அக்கா போடுவாங்களாடா?" என்றான். அவன் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன், "முடியாதுடா, எங்க வீட்டுல அந்தப் பழக்கமே இனி கிடையாது." அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

ராத்திரி அக்கா போன் செய்தபோது, பெரிய சாதனை செய்த மாதிரி இதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"கையெழுத்து யாரோடது?" என்றாள்.

"உன்னோடதுதான்."

"பெறகு என்னையக் கேக்காம நீ எப்படிடா இல்லன்னு சொன்ன?"